ஆற்றின் கதையை ஒரே தாளில் வரைவது எப்படி? – கேள்வி பதில்

நில அளவையில் காலம் கழித்தவன் நான். ஆற்றையும் அதன் கரையில் வாழ்ந்தவர்களையும் சேர்த்து வரைவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மண்டூர் மாணவி: சேர், கண்காட்சிக்குப் பட்டிப்பளை ஆற்றின் வரலாற்றைப் படமாக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

வரைபடத்தில் தொடங்க வேண்டாம், பிள்ளை. நீளத்தாள் ஒன்றை எடுங்கள். இடப்பக்கம் இங்கினியாகலை, வலப்பக்கம் கடல். மேலிருந்து கீழே வருடங்கள். மனிதர் ஆற்றுக்குச் செய்தது கறுப்பு, ஆறு மனிதருக்குச் செய்தது நீலம். கல்லோயா என்பதும் இந்த ஆறுதான்; 1949இல் தொடங்கிய கல்லோயா அணை, குடியேற்றத் திட்டத்துக்கு இங்கினியாகலையில் ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து கடல் பக்கமாக ஒரு வால் இழுங்கள். வயலும் குடியேற்றமும் அப்படித்தான் பரவின. 1957 மார்கழி வெள்ளம் புள்ளிக்குள் அடங்காது, அதற்கு நீலப் பட்டை.

ஏறாவூர்: கூகுள் ஏர்த்தில் 1984இலிருந்து படங்கள் ஓடுகின்றனவே, போதாதா?

போதாது. நமக்கு வெள்ளம் வருவது கார்த்திகை, மார்கழி, தையில். வானம் முழுக்க முகில். அந்தப் படங்களில் பெரும்பகுதியை எடுத்த லான்ட்சாட் செயற்கைக்கோளுக்கு முகிலுக்குக் கீழே தெரியாது. ஆகவே ஆறு வருடமெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்தது போலவே படம் வரும். 2014க்குப் பிறகு சென்ரினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் இருக்கிறது, அது முகிலை ஊடுருவும். அதற்கு முந்திய காலத்துக்கு மனிதரின் ஞாபகம்தான். ஒரு அம்மம்மா ஜன்னல் கட்டைக்குக் கீழே நான்கு விரலை வைத்து, "இவ்வளவுக்கு நின்றது" என்றார். விரலை எடுக்க விடாமல் அளவு நாடாவைப் பிடித்தேன்.

கல்லாறு மீனவர்: தம்பி, வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணலை வெட்டுவதை எப்படிக் காட்டுவாய்? வெட்டினதைக் கடல் திரும்ப மூடிவிடுகிறதே.

நல்லாக் கேட்டீர்கள், அண்ணன். லான்ட்சாட்டில் ஒரு கட்டம் 30 மீற்றர். புதிதாக வெட்டிய வாய் அதற்குள் காணாமலே போகலாம். அப்புறம், வாவிக்கு மேற்கே படுவான்கரை விவசாயி வயலில் தண்ணீர் நிற்கிறது, வெட்டு என்பார். வாவியில் வலை வீசுகிறவர் இறால் போய்விடும், பொறு என்பார். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு தேதி போடுங்கள்: கேட்ட நாள், வெட்டிய நாள். இடையில் ஒரு கோடு. கோடு நீண்ட வருடத்தில் இழுபறி அதிகம்.

சம்மாந்துறை: ஆற்றின் பழைய தடங்களை வண்ண வண்ணமாக அடுக்கிய அமெரிக்கப் படம் போல வரையலாமா?

அது 1944இல் ஹரோல்ட் ஃபிஸ்க் வெளியிட்ட மிசிசிப்பி படம். அழகுதான். ஆனால் அது ஆறு நெளிந்த கதை. நமக்கு மனிதர் வெட்டிய கதையும், மண்வெட்டியும் வேண்டும்.

மண்டூர் மாணவி: ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் எங்கள் பாதையையும் (மிதவைப் படகு) போடலாமா, சேர்?

கட்டாயம். மண்முனையில் பாதை ஓடிய இடத்தில் 2014இல் பாலம் திறந்தார்கள்; பாலம் ஒரு புள்ளி, பாதை ஓடிய காலம் ஒரு நீளக்கோடு. தொடங்கிய வருடம் சரியாகக் கிடைக்காவிட்டால் கோட்டின் தலையைப் புள்ளி புள்ளியாக விட்டுவிடுங்கள்.