விமானத்துக்கு வானொலியில் பெயர் வைப்பது யார்?

கேள்வி: கோவை பீளமேட்டில் இறங்கும் இண்டிகோ விமானத்துக்கு டிக்கெட்டில் 6இ, விமானம் பார்க்கும் செயலியில் ஐஜிஓ என்று போட்டிருக்கிறது. தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரிடம் வானொலியில் பேசும்போது விமானி தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வார்?

'ஐஃப்ளை' என்று சொல்லி, அதோடு எண்ணைச் சேர்த்துக்கொள்வார். டிக்கெட்டில் உள்ள 6இ பயணச்சீட்டு, சரக்கு வியாபாரத்துக்கான குறியீடு. அதைத் தருவது விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா. ஐஜிஓ என்ற மூன்றெழுத்தையும் ஐஃப்ளை என்ற அழைப்புப் பெயரையும் பதிவு செய்வது ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ. நிறுவனம் விரும்பும் பெயரைத் தன் நாட்டு அரசு வழியாகக் கேட்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயர்போல ஒலித்தால் கிடைக்காது. இரைச்சலான அலைவரிசையில் ஒரு விமானிக்குச் சொன்ன உயரத்தை இன்னொரு விமானி தனக்கென்று எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி, அது நியாயமும்கூட.

பெயர் நிறுவனத்தின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை. கோவைக்கு சிங்கப்பூரிலிருந்து வரும் ஸ்கூட், வானொலியில் 'ஸ்கூட்டர்'. பிரிட்டிஷ் ஏர்வேஸின் 'ஸ்பீட்பேர்ட்' எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

எண்களிலும் இதே கவலைதான். ஒரே நேரத்தில் ஒரே வான்பகுதியில் 461, 416 என்று இரண்டு பறந்தால் காது ஏமாறும். எனவே சில நிறுவனங்கள் டிக்கெட் எண்ணை விட்டுவிட்டு, எழுத்து கலந்த வேறொன்றை வானொலிக்கு வைத்துக்கொள்கின்றன. செயலியில் எண் மாறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், தனியார் சிறு விமானங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் உடலில் எழுதிய பதிவெழுத்தே அழைப்புப் பெயர். இந்திய விமானம் என்றால் வி, டி (VT) என்ற எழுத்துகளில் தொடங்கும். 'விக்டர் டேங்கோ' என்று வாசிப்பார்கள்.