டீக்கடைப் பேச்சும் வெட்டிய மரமும்

கேள்வி: எங்கள் முந்திரித் தோப்பு தொடர்பாகச் சித்தப்பா மகனுடன் வழக்கு நடக்கிறது. வழக்கு முடியும்வரை இரு தரப்பும் மரங்களை வெட்டக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்திருந்தும் அவர் சில மரங்களை வெட்டிவிட்டார். இதற்கிடையே, முன்பே முடிந்துபோன, நாங்கள் மேல்முறையீடும் செய்யாத பாதை வழக்கின் தீர்ப்பை என் அண்ணன் டீக்கடையில் ‘அநியாயத் தீர்ப்பு’ என்று சொல்லிவிட்டார். அதற்காக நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடப்போவதாகச் சித்தப்பா மகன் மிரட்டுகிறார். மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று அண்ணன் பயப்படுகிறார். உண்மையில் அவமதித்தவர் யார்?
– ஒரு வாசகர், பண்ருட்டி வட்டம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் அண்ணன் பயப்பட வேண்டியதில்லை, பயப்பட வேண்டியவர் மிரட்டுகிறவர்தான்.

கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பினால்கூட நம் பக்கத்தில் அவமதிப்பு என்றுதான் கொள்வோம். அங்கே அளவுகோல் மனம் புண்பட்டதா என்பது. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் நீதிபதியின் மனம் நொந்ததா என்று கேட்பதில்லை. நீதிமன்றத்தின் வேலை தடைபட்டதா என்றே கேட்கிறது. அதனால்தான் ஒருவர் வாய் திறக்காமலே, நீதிபதியைக் கண்டால் கைகூப்பிக்கொண்டே, நீதிமன்றத்தை அவமதிக்க முடியும்.

அந்தச் சட்டம் அவமதிப்பை உரிமையியல், குற்றவியல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றத்தின் தீர்ப்பையோ உத்தரவையோ வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்கு அளித்த உறுதிமொழியை வேண்டுமென்றே முறிப்பதும் முதல் வகை. நீதிமன்றத்தைக் களங்கப்படுத்தும் வகையிலோ, நடக்கும் வழக்கின் போக்கைக் கெடுக்கும் வகையிலோ, நீதி வழங்கும் பணிக்கு வேறு விதத்தில் இடையூறாகவோ பேசுவதும் எழுதுவதும் செய்வதும் இரண்டாம் வகை.

அண்ணனின் பேச்சு இரண்டாம் வகைக்குள் வருமா? இறுதியாக முடிந்துவிட்ட வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று அச்சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. நீதியின் போக்கில் கணிசமாகக் குறுக்கிட்டால் ஒழியத் தண்டிக்கக் கூடாது என்று 13ஆம் பிரிவும் சொல்கிறது. தோற்றவர் தீர்ப்பைத் திட்டுவது நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. ஆனால், ‘நீதிபதி பணம் வாங்கிவிட்டார்’ என்று ஆதாரமில்லாமல் சொன்னால் கதை வேறு. அந்த எல்லைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலும், கீழமை நீதிமன்றத்தைப் பற்றிய குற்றவியல் அவமதிப்பை விசாரிக்கும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே உண்டு. தனிநபர் ஒருவர் அங்கே போக வேண்டுமானால் அரசுத் தலைமை வழக்கறிஞரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். நினைத்தவுடன் போட்டுவிடும் வழக்கல்ல அது. செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, அதை அவர் கையில் ஓர் ஆதாரமாக ஆக்கிவிட வேண்டாம்.

இனி மரங்கள். உத்தரவு தெரிந்தும் வெட்டியிருந்தால் அது மீறலேதான். ஆனால் இதற்காக நேரே சென்னைக்கு ஓடாதீர்கள். கையருகே வழி இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள் என்றே உயர் நீதிமன்றம் பெரும்பாலும் சொல்லும். இத்தகைய இடைக்கால உறுத்துக்கட்டளையை (வெட்டக் கூடாது என்பது போன்ற தடை உத்தரவை) மீறினால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை, 2அ விதியின் கீழ், உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவும், அவரை மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவமதிப்புச் சட்டத்தின்படி உயர்ந்தபட்சத் தண்டனை ஆறு மாத வெறுங்காவலும் (கடின உழைப்பில்லாத சிறை) இரண்டாயிரம் ரூபாய் அபராதமும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சொத்தைத் தொடும் அதிகாரம்தான் உங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் உதவும்.

இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் தோற்பது ‘வேண்டுமென்றே’ என்பதை நிரூபிக்க முடியாமல்தான். உத்தரவு பிறந்த அன்று அவருடைய வக்கீல் நீதிமன்றத்தில் இருந்தாரா, உத்தரவின் நகல் அவருக்குப் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்ததா, அதன் பிறகுதான் வெட்டினாரா என்ற மூன்றுக்கும் தாள் வேண்டும். வெட்டிய அடிமரங்களை உடனே படம் எடுங்கள். தோப்பைப் பார்வையிட்டு அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி தனி மனு ஒன்றும் போடச் சொல்லுங்கள். அடிமரம் துளிர்த்துவிட்டாலோ, வேரோடு பிடுங்கி உழுதுவிட்டாலோ, எண்ணிக்கையை நிலைநாட்டுவது பெரும்பாடு. வக்கீலைப் பார்க்க இந்த வாரமே போங்கள்; அதுவரை பதிலுக்கு நீங்கள் ஒரு கிளையைக்கூட வெட்டாதீர்கள், உத்தரவு உங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது.