புரட்டாசி விரதமும் ஆந்தைக் குஞ்சுகளின் இரையும்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே இரைகொல்லிப் பறவைகளுக்கான மறுவாழ்வு மையத்தில் மாணவப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், வீட்டில் அனைவரும் புரட்டாசி விரதம் இருக்கையில் ஆந்தைக் குஞ்சுகளுக்கு எலியையும் கோழிக்குஞ்சையும் வெட்டி ஊட்ட மனம் கூசுவதாகவும், பதிலுக்குக் கடையில் வாங்கிய எலும்பில்லாத இறைச்சியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வளரும் ஆந்தைக் குஞ்சுக்கு அதையே தொடர்ந்து கொடுத்தால் எலும்பு மென்மையாகி வளைந்து, சில வேளை தானாகவே முறிந்தும் விடும். விரதம் நம்முடையது, அதை அந்தக் குஞ்சின் மேல் சுமத்துவது நியாயமாகாது. முழு இரையில் உள்ள எலும்புதான் கால்சியத்தைத் தருகிறது; செரிக்காத ரோமமும் எலும்புத் துணுக்குகளும் சாம்பல் நிற உருண்டையாக வாய்வழியே வெளிவரும். கூண்டைக் கழுவும்போது அந்த உருண்டை கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த இரைக்கு முன்பே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

புள்ளிக் கழுகாந்தைகள் குஞ்சு வளர்க்கும் உங்கள் ஊர் வசந்த காலத்திலேயே புரட்டாசியும் வருவதால், உங்கள் சங்கடம் எனக்கு நன்றாகவே புரிகிறது. வெட்டும் வேலையை மட்டும் அம்மாதத்தில் வேறொருவருக்கு மாற்றித் தரும்படி இப்போதே வெளிப்படையாகக் கேளுங்கள். எடை பார்ப்பதும், பாதத்தின் அடியில் சிவப்போ வீக்கமோ தெரிகிறதா என்று கவனிப்பதும் அதற்குச் சற்றும் குறைந்த பணிகள் அல்ல. எதைச் செய்தாலும் குஞ்சுகளிடம் கொஞ்சிப் பேசாதீர்கள். மனிதரையே தம் இனமாக எண்ணிப் பழகிய ஆந்தையைக் காட்டில் விட முடியாது.