கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்: புது ஃப்ளாட் வாங்குவோர் கேள்வி-பதில்

பெருங்களத்தூர் பக்கம் 72 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் பார்த்தோம். "இந்த மாதமே 15 லட்சம் கட்டினால் பழைய விலை, ஒப்பந்தம் அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் பில்டர். கட்டலாமா?
– வாசகி, தாம்பரம்

கட்டாதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 13-வது பிரிவில் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது 7 லட்சத்து 20 ஆயிரம். பில்டர் அலுவலகத்தில் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுவது பதிவு ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, ஆவண எண் விழ வேண்டும்.

இடத்தைப் பிடித்து வைக்க ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுப்பது வழக்கம்தான். ரசீதில் ஃப்ளாட் எண், மாடி, கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் பரப்பு), மொத்த விலை, பத்திரத்தில் கோளாறு தெரிந்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்ற ஐந்தும் இருக்கட்டும். அதற்கும் முன்னால் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அனுமதி பெற்ற வரைபடம், வீடுகளின் எண்ணிக்கை, முடிக்கும் தேதி எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் ஐந்து மாடி, அனுமதியில் நான்கு மாடி என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைப் பில்டர் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். ஆகவே காசோலை திட்டத்துக்கென உள்ள கணக்கின் பெயரில் இருக்கட்டும். "பாதியை ரொக்கமாகக் கொடுங்கள்" என்றால், கொடுத்ததற்கு அத்தாட்சியே இருக்காது. நாளை பணம் திரும்பக் கேட்கும்போது அந்தப் பாதியைக் கணக்கிலேயே காட்ட முடியாது.

நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் 8-க்குள் இருந்தாலோ ரெரா பதிவு தேவையில்லை. புறநகரில் ஆறு வீடு, எட்டு வீடு கட்டும் சின்ன பில்டர்கள் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். அங்கே திட்ட அனுமதியையும் பத்திரங்களையும் நீங்களேதான் இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

பெரிய வங்கி ஒன்று இந்தத் திட்டத்துக்குக் கடன் தர ஒப்புதல் கொடுத்திருக்கிறது. தனியாக வக்கீலிடம் பத்திரம் காட்ட வேண்டுமா?
– வாசகர், திருச்சி

காட்டுங்கள். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரை தொடர்ச்சி, பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்றில் குறைந்தது 30 வருடம், நில உரிமையாளர் வேறொருவருக்குப் பொது அதிகாரம் கொடுத்திருந்தால், கொடுத்த உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, அதிகாரம் ரத்தாகவில்லையா என்பவற்றை உங்கள் வக்கீல் எழுத்தில் தர வேண்டும்.

குறிப்பாக ஒன்று. கட்டுமானக் கடனுக்காக மொத்த நிலத்தையும் பில்டர் ஒரு வங்கியில் அடமானம் வைத்திருப்பது சாதாரணம். வில்லங்கச் சான்றில் "உரிமை ஆவண ஒப்படைப்பு" என்று அது தெரியும். அது இருப்பதாலேயே ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஃப்ளாட் எண்ணைக் குறிப்பிட்டு அந்த வங்கி தரும் தடையில்லாக் கடிதம் இல்லாமல் கிரயம் செய்யாதீர்கள்.

விளம்பரத்தில் 1,180 சதுர அடி. மாதிரி வீட்டுக்குள் போனால் அவ்வளவு இல்லை. யுடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பாகம்) 400 சதுர அடி என்கிறார்கள். இது சரியா?
– வாசகர், கோவை

1,180 என்பது சூப்பர் பில்டப். அதில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கிறது. சட்டம் ஒப்புக்கொள்ளும் அளவு கார்ப்பெட் ஏரியாதான். வெளிச்சுவர், குழாய்கள் போகும் டக்ட், பால்கனி, திறந்த மாடி ஆகியவற்றைக் கழித்து, உள்ளே அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்களைச் சேர்த்து வருவது அது. அந்த எண்ணை எழுத்தில் கேளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது இது எப்படிப் புரட்டிப் போடும் என்று பாருங்கள். 1,180 சதுர அடி, அடிக்கு 6,800 ரூபாய் என்றால் 80.24 லட்சம். கார்ப்பெட் 800 அடி என்றால், நீங்கள் புழங்கும் ஒவ்வொரு அடிக்கும் 10,030 ரூபாய். பக்கத்துத் தெருவில் அடிக்கு 7,200 என்கிறார்கள், 1,100 அடி, 79.2 லட்சம், கார்ப்பெட் 825. அங்கே அடி 9,600 ரூபாய்தான். விளம்பரத்தில் விலை கூடுதலாகத் தெரிந்த வீடுதான் உண்மையில் மலிவு.

அடுத்து யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பாகம். ஐம்பது வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்தால் உங்களுக்கு மிஞ்சுவது இதுதான், அதனால் அரை அடிகூட விட்டுக்கொடுக்காதீர்கள். கணக்கு எளிது: உங்கள் வீட்டின் பரப்பை எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, நிலத்தின் பரப்பால் பெருக்குங்கள். நிலம் 6 கிரவுண்டு, அதாவது 14,400 சதுர அடி. எல்லா வீடும் சேர்ந்து 32,000 அடி என்று வைத்தால் உங்கள் 1,180-க்கு 531 அடி வர வேண்டும். 400 என்றால் மீதி 131 எங்கே என்று கேளுங்கள். நியாயமான பதிலும் இருக்கலாம். சாலை விரிவாக்கத்துக்கோ, பெரிய மனைகளில் பூங்காவுக்கான திறந்தவெளிக்கோ உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த நிலத்தைக் கழித்திருப்பார்கள். நியாயமில்லாத பதிலும் உண்டு: பின்னால் ஒரு மாடி ஏற்றலாம் என்று பாகத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வது. எல்லா ஃப்ளாட்டின் யுடிஎஸ் பட்டியலையும் வாங்கிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை, தானமாகக் கொடுத்தது போக மீதி நிலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வாங்க வேண்டாம்.

தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம். சாவி தரத் தயார், பணி நிறைவுச் சான்றிதழ் மட்டும் இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்கிறார்கள். மீதிப் பணத்தைக் கட்டிவிடலாமா?
– வாசகி, மதுரவாயல்

நாள் குறித்தது பில்டருக்குத் தெரிந்துவிட்டால் பேச்சில் உங்கள் கை தாழ்ந்துவிடும். அழைப்பிதழ் அடித்த வீட்டார் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சான்றிதழ் வந்த பிறகு முகூர்த்தம் பார்ப்பதுதான் நல்லது.

அனுமதித்த வரைபடப்படிதான் கட்டியிருக்கிறது என்று சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), டிடிசிபியோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்), உள்ளாட்சியோ பார்த்துத் தரும் சான்று இது. சில சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. அடுக்குமாடிகளுக்கு இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் சிக்கலாகும். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின்சாரத்தில், கூடுதல் கட்டணத்தில், மாதக்கணக்கில் குடும்பங்கள் ஓட்ட நேர்வது இதனால்தான். நிறைவுச் சான்று இல்லாமல் வீட்டை ஒப்படைக்கக் கூடாது என்பதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

"ஏன் வரவில்லை" என்று கேளுங்கள். காரணத்தைப் பொறுத்துதான் முடிவு. தீயணைப்புத் துறை கடிதம் நிலுவை, மழைநீர்த் தொட்டி வேலை பாக்கி என்றால் காத்திருக்கலாம். பக்கவாட்டுத் திறந்தவெளியை அடைத்துக் கட்டியது, தூண் தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தை அறையாக்கியது, அனுமதியில்லாத மாடி என்றால், அது இரண்டு மாதத்தில் தீராது. உங்கள் வீட்டில் மீறல் இல்லாவிட்டாலும் முழுக் கட்டடத்துக்கும் சான்று நிற்கும்.

பணத்தைப் பற்றி: ஒப்பந்தப்படி தவணை வந்த பிறகு சும்மா நிறுத்தினால் உங்களுக்கே வட்டி விழும். அதனால் ஒப்பந்தம் எழுதும்போதே, கடைசி 5 சதவீதம் "நிறைவுச் சான்றின் நகலோடு சாவி கொடுக்கும் நாளில்" என்று எழுத வையுங்கள். 72 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அது 3 லட்சத்து 60 ஆயிரம். பத்து தடவை போன் செய்து நடக்காத வேலை இந்தத் தொகைக்காக நடக்கும். ஒப்பந்தத்தில் அப்படி இல்லாவிட்டால், குறையை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பதில் வந்த பிறகு கட்டுங்கள்.

சாவி வாங்கும் நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், வேளச்சேரி

அந்த நாளில் அல்ல, இரண்டு வாரம் முன்பே, பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்கிப் போங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள். கார் நிறுத்துமிடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, தரைத்தொட்டிக்குள் மழைநீர் இறங்குகிறதா, வெளிச்சுவரின் உள்பக்கம் ஈரம் கோர்க்கிறதா என்பதை மழை சொல்வதுபோல் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

குளியலறைதான் முதல் வேலை. தரையில் தண்ணீர் வெளியேறும் துளையான நஹானி ட்ராப்பைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, சுவரில் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழ் வீட்டுக் கூரையைப் பாருங்கள். சொட்டு, வியர்வை போன்ற ஈரம், வெள்ளைப் பூப்பு எது இருந்தாலும் நீர்த்தடுப்புப் பூச்சு சரியில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் சரிசெய்ய உடைத்துத்தான் ஆக வேண்டும், அதனால் ஒப்படைப்புக்கு முன்பே செய்ய வையுங்கள். அடைப்பை எடுத்தபின் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள். ட்ராப்புக்கு ஓடாமல் தேங்கினால் தரையின் வாட்டம், அதாவது சரிவு, தப்பு.

டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். கணீரென்றால் சரி, டொக்கென்றால் அடியில் கலவை நிரம்பவில்லை. பின்னாளில் பாரம் விழுந்தால் அது விரியும். அந்த டைல்களில் எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, போட்டோ எடுங்கள்.

விரிசல்களில் பயப்படுவதும் பயப்படாததும் வேறு வேறு. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக மயிரிழை விரிசல் வந்தால், பூச்சுக்கு அடியில் கோழிவலை அடிக்கவில்லை என்று பொருள். வெட்டி வலை அடித்துப் பூசினால் தீரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதைக் கவனியுங்கள்: விரிசல் முடியும் இடத்தில் குறுக்கே பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது. தூணிலோ உத்தரத்திலோ விரிசலும் துருக்கறையும் சேர்ந்து இருந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் சாவி வாங்காதீர்கள்.

மின்சாரத்தில், பெட்டியிலுள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். எல்லாப் பிளக்கிலும் சாக்கெட் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கிறதா பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து அழுத்தம் பாருங்கள். கார்ப்பெட் ஏரியாவை டேப் வைத்து நீங்களே அளங்கள். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

குறைப் பட்டியலை எண் போட்டு இரண்டு பிரதி எழுதி, தளப் பொறியாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "எல்லாம் திருப்தி" என்று அச்சடித்த ஒப்படைப்புக் கடிதத்தில், இந்தப் பட்டியல் நீங்கலாக என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?
– வாசகர், திருப்பூர்

புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் முத்திரைத்தீர்வை, 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு இரண்டும் சேர்த்து 4 லட்சத்து 20 ஆயிரம். கட்டி முடியாத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் சென்னையில் 60 சதுர மீட்டர், திருப்பூர் போன்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள் என்றால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்த பிறகு முழுப் பணத்தையும் கொடுத்தால் ஜிஎஸ்டியே இல்லை, ஆனால் அட்வான்ஸை முன்பே கொடுத்திருந்தால் இந்தச் சலுகை போய்விடும். விலை 50 லட்சமோ மேலோ என்றால் பில்டருக்குத் தரும் பணத்தில் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. பராமரிப்பு முன்பணம், மின்வாரிய வைப்புத்தொகை எல்லாவற்றுக்கும் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள்.

ஒப்பந்தத் தேதி தாண்டி 14 மாதம். வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டுகிறோம். ரெராவில் கால நீட்டிப்பு வாங்கிவிட்டோம் என்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

அந்த நீட்டிப்பு அவர்களுக்கும் ஆணையத்துக்கும் இடையில் உள்ளது. உங்கள் ஒப்பந்தத் தேதியை அது தானாக மாற்றாது. ரெரா சட்டத்தின் 18-வது பிரிவில் இரண்டு வழி. விலகினால் வட்டியோடு பணம் திரும்ப வேண்டும். அது நிபந்தனையில்லாத உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவாக்கியது. வீடு வேண்டும் என்றால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி. தமிழ்நாட்டு விதிப்படி ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆரோடு (வங்கி கடன் தரும் அடிப்படை வட்டி விகிதம்) 2 சதவீதம். அது மொத்தம் 11 சதவீதம் என்று வைத்தால், நீங்கள் கட்டிய 50 லட்சத்துக்கு மாதம் சுமார் 45,800 ரூபாய்.

யுடிஎஸ் ஏற்கெனவே உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், விலகும்போது அதைத் திருப்பி எழுதிக்கொடுக்க வேண்டி வரும். கட்டிய முத்திரைத்தீர்வையையும் மனுவிலேயே கேளுங்கள். கட்டடம் கூரை மட்டம் தாண்டிவிட்டால், விலகாமல் வட்டி கேட்பதே பெரும்பாலோருக்கு லாபம்.

சாவி வாங்கி இரண்டு வருடத்தில் படுக்கையறைச் சுவர் ஊறுகிறது. "ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது" என்கிறார் பில்டர்.
– வாசகி, மதுரை

முடியவில்லை. ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ குறை தெரிந்தால், நீங்கள் தெரிவித்த 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெராவின் 14-வது பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் சட்டம்தான் செல்லும். சுவரின் போட்டோ, தேதி, ஒப்படைப்புக் கடிதத்தின் நகல் வைத்து மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் இன்றே அனுப்புங்கள். 30 நாள் அந்தத் தபால் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து ஓடும்.