ஒல்லி வால்வுக்கு கம்ப்ரசர் காத்து

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டுல பட்டறை கம்ப்ரசர் இருந்தும் மகனோட கியர் சைக்கிளுக்கு மட்டும் காத்து ஏறாம புஸ்ஸுன்னு போகுதுன்னு எழுதியிருக்கீங்க. கம்ப்ரசர்ல கோளாறு இல்ல. நீங்க சொல்ற ஒல்லி வால்வுக்கு பிரெஸ்டான்னு பேரு; உங்க நாசில் பைக், கார்ல வர்ற ஷ்ரேடர் வால்வுக்கு உள்ளது. ஒல்லி வால்வு மேல மாட்டி இந்த நாசிலுக்குப் பொருந்த வைக்கிற சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்குங்க, விலை கம்மிதான்.

முதல்ல வால்வு நுனியில உள்ள குட்டி நட்டைத் தளர்த்தி, விரலால ஒரு தட்டு தட்டுங்க. லேசா காத்து சீறினா வால்வு திறந்துட்டுன்னு அர்த்தம். அப்புறம் அடாப்டரை மாட்டுங்க.

கவனிக்க வேண்டியது காத்தோட அழுத்த அளவுதான். சைக்கிள் டியூப்ல காத்துக்கு இடம் ரொம்பக் கம்மி; டேங்க்ல 8 பார், அதாவது 116 பிஎஸ்ஐ நின்னா, கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள டியூப் வெடிச்சிரும். டயர் ஓரத்துல அச்சடிச்ச அளவுக்கு, கம்ப்ரசர்ல அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரை இறக்கி வையுங்க. 26 இன்ச் தடி டயருக்கு பெரும்பாலும் 40-65 பிஎஸ்ஐதான். விட்டு விட்டு அடிங்க. பாதி ஏறினதும் நிறுத்தி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல பிதுங்கியிருக்கான்னு சுத்திப் பாருங்க. பயலைப் பக்கத்துல நிக்க விடாதீங்க.

வால்டியூப் போட்ட பழைய சைக்கிளும் வீட்டுல கிடந்தா, அதுக்கு கைப்பம்பே போதும்வே!