முந்திரி சாஸ் நறநறக்குதே, ஏன்?

கேள்வி: மகனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பாஸ்தாவுக்கு முந்திரி அரைத்து வெள்ளை சாஸ் செய்தேன். மணல் மாதிரி நறநறத்தது. என்ன தவறு?
– வாசகி, காட்பாடி

பதில்: தண்ணீரை மொத்தமாக ஊற்றி அரைத்திருப்பீர்கள், சகோதரி. குடியாத்தத்தில் என் மருமகளும் அப்படித்தான் செய்தாள். 100 கிராம் முந்திரியைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். உடைந்த முந்திரியே போதும், முழுசு வீண் செலவு. சின்ன ஜாரில் நாலு ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டு, விரலில் தேய்த்தால் வெண்ணெய் போல வழுக்கும்வரை அரைக்க வேண்டும். மிக்சி சூடானால் நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகுதான் ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைப்பது.

கடலை எண்ணெயில் நாலு பல் பூண்டு வதக்கி, இதை ஊற்றிச் சிறுதீயில் கிளறுங்கள். முந்திரியில் மாவுச்சத்து இருப்பதால் தானாகவே கெட்டிப்படும்; மைதா வேண்டாம். உப்பு, மிளகு சேர்த்து, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை.

மீந்தால், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைச் சுட்டு, அதன்மேல் ஊற்றிக் கொடுங்கள். பையன் தட்டை வழித்துவிடுவான்.