காணொளிப் பாடமும் பின்னக் கணக்கும்
வணக்கம். பின்னங்களைக் காணொளி வழியே நடத்துமாறு நிர்வாகம் பணித்த பின், மாணவர்கள் "புரிந்தது" என்று சொல்லிவிட்டுத் தேர்வில் தவறு செய்வதாக எழுதியிருந்தீர்கள். பார்க்கும்போது தோன்றும் தெளிவு பெரும்பாலும் பழக்கப்பட்டதன் உணர்வே. நினைவிலிருந்து தாமே எடுத்து எழுதிப் பார்க்கும்போதுதான் கற்றல் நிலைக்கிறது. ஆகவே காணொளியை அவ்வப்போது நிறுத்தி, ஒரு கணக்கைத் தாளில் செய்யச் சொல்லுங்கள். 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என்று எழுதும் மாணவர், தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியிருக்கிறார், விடை திருத்தும் செயலி அதைத் தவறு என்று குறிப்பதோடு நின்றுவிடக்கூடும், நீங்களோ "பாதியுடன் இன்னும் சேர்த்த பிறகு விடை பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டு, அவரே திருத்திக்கொள்ளுமாறு செய்ய முடியும். அந்தக் கேள்விக்கான நேரத்தை நிர்வாகத்திடம் உறுதியாகக் கேட்டுப் பெறுங்கள். பயிற்சித் தாள்களைத் திருத்தும் வேலையை வேண்டுமானால் செயலியிடம் விட்டுவிடலாம்.